400 வெள்ளிக்கு 40 பிளக்-இன்: வாங்கலாமா, வேண்டாமா?

மடிக்கணினியை வைத்து வீட்டிலேயே இசை செய்யும் நம் இளையோருக்கு இந்த விளம்பரம் புதிதல்ல. "ஒரே தொகுப்பில் 40 பிளக்-இன்கள். உண்மை விலை ஆயிரம் டாலருக்கு மேல். இன்றிரவு வரை 99 டாலர் மட்டுமே!" பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இன்று வாங்காவிட்டால் வாழ்நாள் வாய்ப்பை இழந்துவிடுவோம் என்று அது நம்மைப் பயமுறுத்தும். அடுத்த மாதம் அதே தொகுப்பு, அதே விலையில், வேறொரு பெருநாளின் பெயரில் மீண்டும் வரும்.

ஈப்போ புந்தோங்கிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்த குடியிருப்புகளிலும் இசை செய்யும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. உருமி மேளக் குழு வைத்திருப்பவர்கள், தமிழ் ராப் எழுதும் படிவம் 5 மாணவர்கள், ஆலயத் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் பதிவு செய்பவர்கள், பல்கலைக்கழகக் கலை இரவுக்கு இசை சேர்ப்பவர்கள் எனப் பலர். "இந்தத் தொகுப்பை வாங்கினால் நம் பாட்டும் கடையில் விற்கும் பாட்டைப்போல் கேட்குமா?" என்ற கேள்வியை இவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கிறார்கள். பெரும்பாலோரிடம் இருப்பது பகுதி நேர வேலைச் சம்பளமோ, உயர்கல்விக் கடனில் மிஞ்சிய பணமோதான். அதனால் இது இசைக் கேள்வியாக மட்டும் இல்லாமல் பணக் கேள்வியாகவும் ஆகிறது.

பிளக்-இன் என்பது என்ன?

ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் சிறு மென்பொருளைப் பிளக்-இன் என்கிறோம். செருகுநிரல் என்ற தமிழ்ச் சொல்லும் உண்டு. ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் அறையை அடைத்துக்கொண்டிருந்த கருவிகளின் வேலையை இன்று இவை செய்கின்றன. 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் 140 என்ற எதிரொலிக் கருவியை வெளியிட்டது. பெரிய உலோகத் தகட்டை அதிர வைத்து, பாடகரின் குரலுக்குக் கூடம் போன்ற ஒலி தருவது அதன் வேலை. அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. இன்று அந்த ஒலியைப் போலச் செய்யும் பிளக்-இன் உங்கள் மடிக்கணினியில் ஓர் ஓரத்தில் கிடக்கும்.

1992-இல் இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் கியூ10 என்ற ஈக்வலைசரை வெளியிட்டது. வணிக நோக்கில் வந்த பிளக்-இன்களில் அது முன்னோடி. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் தமிழ்ப் படமான 'ரோஜா' வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பொதுத் தரத்தை அறிமுகப்படுத்திய பிறகு, யார் வேண்டுமானாலும் பிளக்-இன் எழுதலாம் என்ற நிலை வந்தது. இன்று அவை ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

ஆனால், எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும் அவை செய்யும் அடிப்படை வேலைகள் சிலதான். ஈக்வலைசர், ஒலியின் அடித்தளத்தையும் உச்சத்தையும் கூட்டிக் குறைக்கும். கம்ப்ரஸர், உரத்த இடத்தை அடக்கி, மெல்லிய இடத்தை அதற்கு அருகில் கொண்டுவரும். ரிவெர்ப்பும் டிலேயும் இடத்தின் எதிரொலியைத் தரும். சேச்சுரேஷன், ஒலிக்குக் கொஞ்சம் கரகரப்பும் சூடும் சேர்க்கும். லிமிட்டர், ஒலி எல்லை தாண்டாமல் காக்கும். 40 பிளக்-இன் உள்ள தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஏழு கம்ப்ரஸர், ஆறு ஈக்வலைசர், ஐந்து ரிவெர்ப் என்றுதான் இருக்கும்.

புந்தோங் கச்சாங் பூத்தே கடைக்குப் போனால் கலவைப் பொட்டலமும் இருக்கும், தனித்தனி வகைகளும் இருக்கும். நமக்குப் பிடித்தது முறுக்கும் காரக்கடலையும் மட்டும் என்றால், கலவைப் பொட்டலத்தை வாங்கி மற்றதையெல்லாம் அடியில் விட்டுவைப்பதில் என்ன லாபம்? பிளக்-இன் தொகுப்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

விலையை வெள்ளியில் எழுதிப் பாருங்கள்

99 டாலர் என்று படிக்கும்போது மனத்தில் 99 வெள்ளிபோலத்தான் பதிகிறது. முழுக் கணக்கையும் எழுதிப் பார்ப்போம். ஒரு டாலர் 4 வெள்ளி 20 காசு என்று வைத்துக்கொண்டால் 99 டாலர் 415 வெள்ளி 80 காசு. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னியல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி இருந்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடானது. நம் நாட்டில் பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் இந்த வரியும் சேர்ந்து ஏறக்குறைய 449 வெள்ளி ஆகிவிடும்.

இதை வேலை நேரமாக மாற்றிப் பார்ப்போம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. 449 வெள்ளி சம்பாதிக்க 51 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். வார இறுதியில் எட்டு மணி நேரம் நிற்கும் கடை வேலை என்றால் ஆறு நாளுக்கும் மேல். "எனக்கு 99 டாலர் செலவாகிறது" என்று சொல்வதற்குப் பதில் "ஆறு நாள் நின்ற கால் வலி செலவாகிறது" என்று சொல்லிப் பாருங்கள். முடிவு எடுப்பது கொஞ்சம் எளிதாகும்.

"உண்மை விலை" என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். விலைப் பட்டியலில் 200 டாலருக்கு மேல் போட்டிருக்கும் பிளக்-இன்கள் ஆண்டின் பெரும்பகுதி 30, 40 டாலருக்கு விற்கப்படுவதை இந்தத் துறையில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். யாரும் கொடுக்காத விலையிலிருந்து 90 விழுக்காடு கழித்துக்காட்டினால் அது கழிவு ஆகாது. இதற்கு மாறான வழியில் நடப்பவர்களும் உண்டு. வல்ஹல்லா என்ற அமெரிக்க நிறுவனம் தன் ரிவெர்ப் பிளக்-இன்களை ஒவ்வொன்றும் 50 டாலர் என்ற ஒரே விலையில் விற்கிறது. தள்ளுபடி விற்பனையே நடத்துவதில்லை. அங்கே அவசரப்பட வேண்டிய தேவை இல்லை. இன்று வாங்கினாலும் அடுத்த ஆண்டு வாங்கினாலும் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கு. 40-இல் நீங்கள் மெய்யாகவே பயன்படுத்தப்போவது ஐந்து என்றால், ஒவ்வொன்றின் விலை 11 வெள்ளி அல்ல, ஏறக்குறைய 90 வெள்ளி. தொகுப்பின் விலையை அதிலுள்ள எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. நீங்கள் பயன்படுத்தும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

கையில் இருப்பது என்ன?

ஆப்பிள் கணினியிலும் ஐபோனிலும் கேரேஜ்பேண்ட் இலவசம். சிங்கப்பூரில் உருவான பேண்ட்லேப் கைப்பேசியிலும் இணைய உலாவியிலும் இலவசமாகவே இயங்கும். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். தனிப் பயனாளர்களுக்கு அதன் சலுகை உரிமம் 60 டாலர், அதாவது ஏறக்குறைய 250 வெள்ளி. இவை அனைத்திலும் அடிப்படை ஒலி விளைவுகள் சேர்ந்தே வருகின்றன. குறிப்பாக, ரீப்பரின் ஈக்வலைசரையும் கம்ப்ரஸரையும் வைத்தே ஒரு முழுப் பாடலைக் கலந்து முடிக்கலாம்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் நல்ல இலவச பிளக்-இன்கள் உண்டு. டோக்கியோ டான் நிறுவனத்தின் நோவா என்ற ஈக்வலைசர், குறிப்பிட்ட அலைவரிசை உரக்கும்போது மட்டும் அதை அடக்கும் திறன் கொண்டது. வல்ஹல்லாவின் சூப்பர்மேசிவ், பெரிய வெளியில் மிதப்பது போன்ற எதிரொலி தரும். வோக்ஸெங்கோவின் ஸ்பேன், ஒலியின் அலைவரிசைகளை வரைபடமாகக் காட்டும். மெல்டா நிறுவனம் 30-க்கும் மேற்பட்ட கருவிகளை ஒரே இலவசத் தொகுப்பாகத் தருகிறது. காசு கொடுத்து ஒரு தொகுப்பு வாங்குவதற்கு முன், காசில்லாத இந்தத் தொகுப்பில் எத்தனை கருவியை முழுமையாகக் கற்றுக்கொண்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

"இலவசக் கருவியில் பெரிய பாட்டு வருமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். 2007-இல் உலகமெங்கும் ஒலித்த ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா' பாடலின் தாளம், கேரேஜ்பேண்டுடன் வரும் ஆயத்தத் துண்டு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. 2017-இல் வந்த கென்ட்ரிக் லமாரின் 'டேம்' இசைத்தொகுப்பில் உள்ள 'பிரைட்' பாடலுக்கு, ஸ்டீவ் லேசி தன் ஐபோனில் கேரேஜ்பேண்டைக் கொண்டே இசை அமைத்தார். நம் நாட்டிலும் பாருங்கள். 2006-இல் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' வெளிவந்து, மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழகம் வரை கொண்டுபோனது. அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அவற்றில் எந்த கம்ப்ரஸர் பயன்பட்டது என்று விசாரித்திருக்கிறோம்?

காதை மட்டும் நம்பும் ஒரு சோதனை

கணினித் திரையில் பழங்காலக் கருவியின் படம், மின்னும் விளக்கு, ஆடும் முள் எல்லாம் தெரிந்தால் ஒலியும் உயர்ந்ததாகவே தோன்றும். கண் காதை ஏமாற்றும். அதைவிடப் பெரிய ஏமாற்று, ஒலி அளவு. இரண்டு ஒலிகளில் ஒன்று சற்றே உரக்கக் கேட்டால் அதையே நல்ல ஒலி என்று மனிதக் காது தேர்ந்தெடுக்கும். பல பிளக்-இன்கள் செருகியவுடனேயே ஒலியைக் கொஞ்சம் கூட்டிவிடுகின்றன. அதைக் கேட்டு "ஆகா, என்ன மாற்றம்!" என்று நாம் பணப்பையைத் திறக்கிறோம்.

பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்று அல்லது இரண்டு வாரம் இலவசமாகச் சோதித்துப் பார்க்க அனுமதிக்கின்றன. அந்த நாள்களில் இதைச் செய்யுங்கள். நீங்களே பதிவு செய்த ஒரு குரலை இரண்டு தடங்களில் வையுங்கள். முதல் தடத்தில் கையிலுள்ள இலவச கம்ப்ரஸர். இரண்டாவதில் விலைக்கு வரும் கம்ப்ரஸர். இரண்டையும் உங்களால் முடிந்த அளவு நன்றாக அமைத்து, ஒலி அளவை மீட்டர் பார்த்துச் சமமாக்குங்கள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். நண்பர் ஒருவர் நாணயம் சுண்டி, பத்து முறை இரண்டில் ஒன்றை ஒலிக்க விடட்டும். எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

இங்கே கூடுதல் கணித மாணவர்களுக்கு ஒரு வேலை. காது கேட்காதவர்கூட ஊகித்துச் சொன்னால் பத்துக்கு ஐந்து சரியாக வரலாம். பத்துக்கு எட்டு அல்லது அதற்கு மேல் ஊகத்தாலேயே சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1,024-இல் 56, அதாவது ஏறக்குறைய 5.5 விழுக்காடு. ஆக எட்டுக்குக் கீழே வந்தால், அந்த வேறுபாடு உங்கள் காதுக்கு எட்டுகிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. எட்டுக்கு மேல் வந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி: வேறுபடுகிறது சரி, எது பாட்டுக்குப் பொருந்துகிறது?

எங்கள் நண்பர்கள் குழுவில் ஒரு பாடலின் குரலை வைத்து இப்படிச் செய்து பார்த்தோம். சாதாரண ஈக்வலைசர்களில் யாராலும் வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரிவெர்ப்பில் மட்டும் எல்லாருக்குமே வேறுபாடு தெரிந்தது. ஈக்வலைசரின் கணக்கு எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். எதிரொலியை உருவாக்கும் கணக்கு ஒவ்வொருவரிடமும் வேறு. பணம் போடுவதாக இருந்தால் எங்கே போடலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

உருமிக்கு எந்தத் தொகுப்பிலும் பொத்தான் இல்லை

பிளக்-இன் தொகுப்புகளின் முக்கியக் கவர்ச்சி, ஆயத்த அமைப்புகள். ஒரு பொத்தானைத் தட்டினால் 'ராக் குரல்', 'பாப் டிரம்', 'பேஸ் கிட்டார்' என்று எல்லாம் தயாராக வரும். ஆனால், அந்தப் பட்டியலில் உருமி இல்லை, பம்பை இல்லை, தவில் இல்லை, நாதஸ்வரம் இல்லை. அவற்றை எழுதியவர்கள் கேட்டு வளர்ந்த இசை வேறு.

உருமியை எடுத்துக்கொள்வோம். அது இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அடித்தொண்டை உறுமல்தான் அதன் உயிர். ஆயத்தக் குரல் அமைப்புகளிலும் கைத்தாள அமைப்புகளிலும் பெரும்பாலும் முதல் வேலையாகவே தாழ்ந்த அலைவரிசைகள் வெட்டப்படுகின்றன. உருமிப் பதிவுக்கு அதைப் போட்டால் உறுமல் போய், குச்சி அடிக்கும் 'டக் டக்' மட்டும் மிஞ்சும். 'இரைச்சல் நீக்கம்' என்ற பொத்தானைத் தட்டினால், தேய்க்கும் ஒலியையே இரைச்சல் என்று எண்ணி அது அழிக்கப் பார்க்கும். நம் கருவிக்கு எது தேவை என்பதை நம் காதுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு சாதாரண ஈக்வலைசரும் பொறுமையும் போதும்.

இரண்டாவது, பதிவிலேயே கெட்டதை எந்த பிளக்-இன்னாலும் முழுமையாக மீட்க முடியாது. உருமி மேளத்தைக் கைப்பேசியில் மிக அருகில் பிடித்துப் பதிவு செய்தால் ஒலி எல்லை மீறி நொறுங்கிவிடும். நொறுங்கிய அலையின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போகிறது. இல்லாததை மென்பொருள் ஊகித்து ஒட்டத்தான் முடியும். கொஞ்சம் தள்ளி நின்று, ஒலி அளவைக் குறைத்துப் பதிவு செய்வதற்கு ஒரு காசும் செலவில்லை. துத்தநாகக் கூரை வீட்டில் பாடலைப் பதிவு செய்கிறீர்களா? மழை விடும்வரை காத்திருங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், சுவரில் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். 40 பிளக்-இன்கள் சேர்ந்து செய்ய முடியாததை இந்த மூன்று வேலைகள் செய்யும்.

எதிரொலியையும் சொந்தமாக எடுக்கலாம். ஓர் இடத்தில் ஒரு பலூனை வெடித்து, அதன் ஓசை தேய்ந்து அடங்கும்வரை பதிவு செய்தால், அந்த இடத்தின் எதிரொலிச் சுவடு கிடைத்துவிடும். ரீப்பருடன் வரும் ரியாவெர்ப் என்ற கருவியில் அந்தப் பதிவைக் கொடுத்தால், உங்கள் குரலை அந்த இடத்திலேயே பாடியதுபோல் ஒலிக்கச் செய்யும். கிந்தா வட்டாரம் சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும் நிறைந்தது. தோட்டங்களில் பழைய மண்டபங்களும் ஆலயங்களும் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, பூசை இல்லாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் தாத்தா பாட்டி திருமணம் செய்துகொண்ட ஆலய மண்டபத்தின் எதிரொலியை விற்கும் தொகுப்பு உலகில் எங்கும் இல்லை. ரப்பர் மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்த இடங்களில் அந்த மண்டபம் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதும் தெரியாது.

வாங்குவதற்கு நியாயமான ஒரு காரணம்

காசு கொடுத்து வாங்குவதே தவறு என்பதல்ல வாதம். கையிலுள்ள கருவி செய்ய முடியாத வேலை ஒன்று எதிரே நின்றால் வாங்கலாம்.

பல வீடுகளில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. தோட்டத்து லயத்தில் பாட்டி பாடிய தாலாட்டு, பெரியவர்களின் பஜனை, திருமண வாழ்த்து. அவற்றில் 'உஸ்' என்ற இரைச்சலும், மின்சாரத்தின் 'ம்ம்ம்' என்ற முனகலும் சேர்ந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த முனகல் 50, 100, 150 என்ற மடங்குகளில் இருக்கும். இலவச ஈக்வலைசரில் அந்தப் புள்ளிகளை ஊசிமுனைபோல் வெட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதி இரைச்சலுக்கு ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் கருவியை மெல்லிய அளவில் பயன்படுத்தலாம். அதன் பிறகும் போதவில்லை என்றால், ஐசோடோப் நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். போன்ற ஒலி மீட்புக் கருவிக்குச் செலவிடுவதில் பொருள் உண்டு. அதன் அடிப்படைப் பதிப்பு விலை குறைந்தது. கவனியுங்கள்: இங்கேயும் வாங்குவது ஒரு வேலைக்கான ஒரு கருவியைத்தான், 40 கருவிகளை அல்ல.

வாங்கியது நம்முடையதா?

2023 மார்ச் மாத இறுதியில் வேவ்ஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. இனிப் பிளக்-இன்களை நிரந்தர உரிமமாக விற்காது; மாதச் சந்தா மட்டுமே என்றது. தொடக்கநிலைச் சந்தா மாதம் 14.99 டாலர். உலகமெங்கும் இசைக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாள்களுக்குள் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, நிரந்தர உரிமத்தையும் மீண்டும் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் சேர்ந்து பேசினால் பெரிய நிறுவனமும் செவிசாய்க்கும் என்பது ஒரு பாடம். விதிமுறை எந்த நேரமும் மாறலாம் என்பது இன்னொரு பாடம்.

சந்தாவின் கணக்கையும் பார்ப்போம். மாதம் 15 டாலர் சின்னத் தொகைதான். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுக்கக் கட்டினால் 540 டாலர், நம் கணக்கில் வரியோடு ஏறக்குறைய 2,450 வெள்ளி. பட்டம் பெற்று, வேலை தேடும் மாதத்தில் சந்தாவை நிறுத்தினால், மூன்றாண்டு செய்த பாடல்களைத் திறக்கும்போது அந்த விளைவுகள் இயங்கா.

நிரந்தர உரிமமும் உண்மையில் நிரந்தரம் அல்ல. 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32-பிட் மென்பொருள்களை முற்றாகக் கைவிட்டது. அதுவரை ஓடிய எத்தனையோ பழைய பிளக்-இன்கள் ஒரே நாளில் செயலிழந்தன. வேவ்ஸ் போன்ற நிறுவனங்களில் முதல் ஆண்டுக்குப் பிறகு புதிய பதிப்பு வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதோடு ஓர் ஒலிவாங்கியை ஒப்பிடுங்கள். ஷூர் எஸ்.எம்.58 ஒலிவாங்கி 1966-இல் சந்தைக்கு வந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 100 டாலர், நம் விளம்பரத்துத் தொகுப்பின் அதே விலை. மடிக்கணினி மாறினாலும், இயங்குதளம் மாறினாலும் அந்த ஒலிவாங்கி வேலை செய்யும். தேவையில்லை என்றால் இன்னொருவருக்கு விற்றுவிடலாம்.

ஐவர் சேர்ந்தால் என்ன வாங்கலாம்?

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர்களின் சிறு சிறு பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கலாம் என்பது அவர் காட்டிய வழி. தனி ஒருவருக்கு எட்டாதது கூட்டாகச் சேர்ந்தால் எட்டும் என்பது நம் வட்டாரம் நன்கு அறிந்த பாடம்.

இசைக் குழுவுக்கும் இது பொருந்தும். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. பிளக்-இன் உரிமம் பெரும்பாலும் ஒருவர் பெயரிலுள்ள கணக்கோடு பிணைந்தது. ஐவர் பணம் போட்டு வாங்கினாலும் அது ஒருவருக்குத்தான் சொந்தம். மற்ற நால்வர் பயன்படுத்துவது விதிமீறல். குழு பிரிந்தால் தொகுப்பு அவரோடு போய்விடும். ஒலிவாங்கி, ஒலி இடைமுகக் கருவி, நல்ல ஹெட்ஃபோன், ஒலிவாங்கித் தாங்கி ஆகியவற்றுக்கு அப்படி இல்லை. ஆளுக்கு 100 வெள்ளி போட்டு வாங்கி, வாரம் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கும் இளைஞர் மன்றத்துக்கும்கூட இது நல்ல முதலீடு. கூட்டுப் பணத்தைப் பகிரக்கூடிய பொருளில் போடுங்கள்.

திருட்டுப் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இலவசமாக உடைத்துத் தருகிறோம்' என்று கிடைக்கும் கோப்புகளில் நச்சுநிரல் ஒளிந்திருப்பது வழக்கம். ஆய்வேடும் இடுபணியும் அதே மடிக்கணினியில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அதோடு, நம் பாட்டை யாராவது களவாடினால் கோபப்படும் நாம், இன்னொருவரின் உழைப்பைக் களவாடி அந்தப் பாட்டைச் செய்வது எப்படிச் சரியாகும்? நல்ல இலவசக் கருவிகள் இவ்வளவு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

ஒன்று: இந்தத் தொகுப்பு தீர்க்கப்போகும் குறை எது? அதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா? "என் பாட்டு நன்றாக இல்லை" என்பது விடையாகாது. "மெல்லிய சொற்கள் தாளத்தில் மூழ்கிவிடுகின்றன" என்பது விடை.

இரண்டு: அதே வேலையைக் கையிலுள்ள கருவியால் செய்து பார்த்தாயிற்றா? ஒரு முறை அல்ல, மூன்று பாடல்களில்?

மூன்று: சோதனைப் பதிப்பை இறக்கி, ஒலி அளவைச் சமமாக்கி, கண்ணை மூடிக் கேட்டாயிற்றா?

நான்கு: தொகுப்பில் உள்ளவற்றில் எத்தனை கருவியை அடுத்த ஆறு மாதத்தில் பயன்படுத்துவோம்? அந்த எண்ணால் விலையை வகுத்தால், அவற்றைத் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவா? மாணவர் விலை உண்டா? ஏபிள்டன் போன்ற சில நிறுவனங்கள் மாணவர்களுக்குத் தனி விலை தருகின்றன, கேட்டால்தான் கிடைக்கும்.

ஐந்து: அதே பணத்துக்கு வேறென்ன வாங்கலாம்? ஒலிவாங்கி, ஹெட்ஃபோன், ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூட வாடகை, அல்லது அனுபவமுள்ள ஒலிப்பொறியாளரிடம் இரண்டு மணி நேரப் பாடம்.

ஐந்துக்கும் விடை தெளிவாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பிறர் பாடல்களைக் கலந்து கொடுத்து வருமானம் பார்க்கத் தொடங்கிவிட்டவருக்கு, நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு நல்ல தொகுப்பு சில மாதங்களிலேயே தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். அவருக்கு அது தொழிற்கருவி. முதல் பாட்டையே இன்னும் முடிக்காதவருக்கு அது அடுக்கி வைத்த பொம்மை. இந்த இரண்டில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை விளம்பரக் கடிகாரத்தால் சொல்ல முடியாது.

விலை ஓடிவிடும் என்ற கவலையும் வேண்டாம். இந்தத் துறையில் தள்ளுபடி திரும்பத் திரும்ப வரும். திரும்பி வராதது வேறு: தோட்டத்துப் பாட்டை அடி மாறாமல் பாடத் தெரிந்த பாட்டியின் குரல், உருமியைத் தேய்க்கும் பக்குவம் தெரிந்த பெரியவரின் கை. இந்த வார இறுதியில் கைப்பேசியையாவது எடுத்துக்கொண்டு போய், காற்றாடியை நிறுத்திவிட்டு, அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை மெருகேற்ற என்ன கருவி வேண்டும் என்பதை அதைக் கேட்ட பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.